மூணு ஏ எடுத்த பிள்ளையும் இசட் புள்ளியும்

வெட்டுப்புள்ளிகள் வெளியாகி ஒரு கிழமை இருக்கும். எங்கள் பாடசாலையில் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா என்னைத் தேடி வந்தார். வயல் செய்கிறவர். கையில் இரண்டு பெறுபேற்றுத் தாள்களின் பிரதிகள். ஒன்று மகளுடையது, மற்றது மகளின் கூட்டாளிப் பிள்ளையுடையது.

“டீச்சர், என்ட மகளுக்கு மூணு ஏ. இந்தப் புள்ளைக்கு ஒரு ஏ, ரெண்டு பி. இந்தப் புள்ளைக்கு லோ கிடைச்சிருக்கு. என்ட மகளுக்கு இல்ல. ரெண்டு பேரும் ஒரே மாவட்டம். எங்கயோ பிழை நடந்திருக்கு. ஆருக்கு எழுதோணும் எண்டு சொல்லுங்க.”

பிழை நடந்துதான் இருந்தது. ஆனால் அதற்காக அவர் எந்தத் திணைக்களத்துக்கும் எழுதத் தேவையில்லை. இரண்டரை வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளை பாடத்தெரிவுப் படிவத்தோடு என் மேசைக்கு முன்னால் நின்றாள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள். பொருளியலும் அளவையியலும் படிக்கப் போகிறேன் என்றாள். “அது கஷ்டம் மகள், மார்க்ஸ் விழாது. நம்மட பள்ளிக்கூடத்தில வழமையா எடுக்கிற மூணையும் எடுங்க, கண்ண மூடிக்கொண்டு ஏ எடுப்பீங்க” என்று சொன்னவள் நான். அவள் நான் சொன்னபடி செய்தாள். நான் சொன்னபடி மூன்று ஏயும் எடுத்தாள். கூட்டாளிப் பிள்ளை வேறு பாடசாலையில் வேறு பாடங்கள் எடுத்திருந்தாள்.

“மார்க்ஸ் விழுற பாடம்” என்ற இந்தப் புத்திமதி எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்கு என் ஆசிரியர்கள் சொன்னது அது. நான் 1998இல் உயர்தரம் எழுதினேன். அப்போது நாலு பாடம். ஒவ்வொன்றுக்கும் நூறு, மொத்தம் நானூறு. அந்த நானூறில் எத்தனை எடுத்தாய் என்பதுதான் கணக்கு. எந்தப் பாடத்தில் எடுத்தாலும் ஒரு புள்ளி ஒரு புள்ளிதான். ஆகவே வாரி வழங்குகிற பாடத்தைத் தேடிப் போவது அன்றைக்குப் புத்திசாலித்தனம். 2000ஆம் ஆண்டு நாலு பாடம் மூன்றானது. அதைத் தொடர்ந்து மொத்தப் புள்ளி போய் இசட் புள்ளி வந்தது. முறை மாறி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் ஆசிரியர் ஓய்வறைகளிலும் வீடுகளிலும் மட்டும் இன்னும் அந்த நானூறு புள்ளிக் காலத்துப் புத்திமதியே ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ் படித்த எனக்குப் புள்ளிவிபரவியல் எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன்.

வாப்பாவுக்கு அன்று நான் சொன்ன விளக்கம் வயலை வைத்துத்தான். “காக்கா, வாய்க்கால் தண்ணி பாயிற வட்டையில ஒருத்தர் ஏக்கருக்கு நாப்பது மூடை எடுத்தார். சுத்தி உள்ள எல்லாரும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. மானாவாரிப் பூமியில இன்னொருத்தர் இருபத்தஞ்சு எடுத்தார். பக்கத்து வயல்காரங்க எல்லாரும் பன்ரெண்டு. ஆரு நல்ல வெள்ளாமைக்காரன்?” அவர் யோசிக்கவே இல்லை. “மானாவாரிக்காரன்தான், இதென்ன கேள்வி” என்றார். இசட் புள்ளி கேட்பதும் இதே கேள்வியைத்தான். எத்தனை மூடை என்று அது பார்ப்பதில்லை. உன்னோடு அதே பூமியில் செய்தவர்களை விட எவ்வளவு மேலே நிற்கிறாய் என்று பார்க்கிறது.

இனிக் கணக்கு. ஒரு பாடத்தில் பரீட்சைக்குத் தோற்றிய எல்லோரின் புள்ளிகளுக்கும் இடை, அதாவது சராசரி, காணப்படுகிறது. அந்தப் புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது நியம விலகல். மாணவரின் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு, கூட்டி, மூன்றால் வகுத்து, நாலு தசம தானத்துக்குப் பெறுபேற்றுத் தாளில் போடுகிறார்கள்.

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. எந்த வருடத்தின் எந்தப் பாடத்துக்கும் உரியவை அல்ல. ஒரு பாடத்தின் இடை 62, நியம விலகல் 10 என்று வையுங்கள். அதில் 75 எடுத்த பிள்ளைக்கு ஏ சித்தி. இசட் புள்ளி 1.3. இன்னொரு பாடத்தின் இடை 38, நியம விலகல் 15. அதில் 68 எடுத்த பிள்ளைக்கு பி சித்திதான். இசட் புள்ளியோ 2.0. ஏயை பி முந்திவிட்டது. வாப்பா கொண்டுவந்த இரண்டு தாள்களிலும் நடந்தது இதுதான். ஏ, பி, சி, எஸ் என்ற எழுத்துகள் 75, 65, 55, 35 என்ற நிலையான எல்லைகளை வைத்துப் போடப்படுகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கு மாணவரை வரிசைப்படுத்துவது அந்த எழுத்துகள் அல்ல. நாம் பாடசாலை வாசலில் “மூன்று ஏ” என்று பதாகை கட்டுகிறோம். அந்தப் பதாகையில் இசட் புள்ளியை எழுதுகிற வழக்கம் பல இடங்களில் இன்னும் வரவில்லை.

சிதறலைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு பாடத்துக்கும் இடை 50 என்றே வைப்போம். ஒன்றில் நியம விலகல் 8, மற்றதில் 20. இரண்டிலும் 66 எடுத்த பிள்ளைக்கு முதலாவதில் 2.0, இரண்டாவதில் 0.8. எல்லோரும் நடுவில் நெருங்கி நிற்கும் பாடத்தில் கொஞ்சம் மேலே போனாலே தூரம் தெரியும். மேலும் கீழுமாகப் பரந்து கிடக்கும் பாடத்தில் அதே 66 பெரிய விடயமில்லை.

மூன்றாவது பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ரெண்டு பாடம் வடிவாப் படிப்பம், மூணாவது சும்மா ஒண்டு” என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1.8, 1.6 என்று இரண்டு பாடங்களில் நன்றாகச் செய்த பிள்ளை அந்தச் சும்மாப் பாடத்தில் இடைக்குக் கீழே போய் மறை 0.4 எடுத்தால் சராசரி 1.0. மூன்றிலும் சாதாரணமாக 1.3, 1.2, 1.1 எடுத்த பிள்ளைக்கு 1.2. சும்மாப் பாடம் மற்ற இரண்டின் உழைப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சோறு போடுகிற பாடம். இருந்தும் சொல்கிறேன்: “தாய்மொழிதானே” என்று மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பாடம் அல்ல அது. இலக்கணமும் பழந்தமிழ்ச் செய்யுளும் வந்து நிற்கும்போதுதான் பல பிள்ளைகளுக்கு வீட்டில் பேசுகிற மொழி வேறு, இந்தப் பாடம் வேறு என்று விளங்குகிறது.

இதை எல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு தகப்பன், “அப்ப கஷ்டமான பாடமாப் பாத்து எடுத்தாச் சரி” என்றார். அதுவும் இல்லை. கடினத்துக்கென்று இசட் புள்ளி தனியாக எதுவும் கொடுப்பதில்லை. மேலே சொன்ன, இடை 38 ஆன பாடத்தில் 30 எடுத்தால் மறை அரைக்கும் கீழே போகும். அதோடு 35க்குக் குறைந்தால் அந்தப் பாடம் சித்தியே இல்லை; மூன்றிலும் சித்தி இல்லாமல் அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் இயலாது. ஒரு பாடத்துக்கு யார் யார் போகிறார்கள் என்பதும் இருக்கிறது. இணைந்த கணிதத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள். அங்கே இடைக்கு மேலே நிற்பதென்றால் அவர்களுக்கு மேலே நிற்பது.

யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதுதான் இந்த முறையின் உயிர். 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் தோற்றினார்கள். இரண்டு கூட்டத்தையும் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2012 ஜூனில் அந்தப் புள்ளிகள் இரத்துச் செய்யப்பட்டுத் திரும்பக் கணிக்க நேர்ந்தது. வேறு வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒரே வட்டைக்காரராக எண்ணியதால் வந்த வினை.

இசட் புள்ளியைத் “தரப்படுத்தல்” என்று சொல்லிக் கோபப்படுகிற பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1970களின் முற்பகுதியில் மொழிமூலத்தை வைத்துச் செய்யப்பட்டது வேறு. மாவட்ட ஒதுக்கீடும் வேறு. அது இசட் புள்ளிக்குப் பிறகு வருகிற படி. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், மன்னார் எல்லாம் அந்தப் பதினாறில் அடங்கும். இந்தச் சலுகையை நம்பிப் பாடத்தெரிவில் கவனயீனமாக இருக்க முடியாது. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கும் அதே மாவட்டம்தான்.

புள்ளிக்கு முன்னால் கதவைப் பார்க்க வேண்டும். உயிரியலும் இரசாயனவியலும் எடுத்து, பௌதிகவியல் பயத்தில் விவசாய விஞ்ஞானத்துக்கு மாறுகிற பிள்ளை விவசாய பீடத்துக்குப் போகலாம். இசட் புள்ளி எவ்வளவு வந்தாலும் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தால் கணினிக் கற்கைகளுக்கு வழி உண்டு. பொறியியல் பீடம் மூடிவிடும். இதைப் பதின்மூன்றாம் வகுப்பில் வந்து கேட்டு அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். அதனால்தான் அங்கே போட்டி அவ்வளவு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடும் கைந்நூலில் எந்தக் கற்கைநெறிக்கு என்ன பாடம் வேண்டும் என்று தமிழிலேயே இருக்கிறது. அதை விண்ணப்பிக்கிற நேரத்தில்தான் நாம் கையில் எடுக்கிறோம். எடுக்க வேண்டியது பன்னிரண்டாம் வகுப்புக்குப் போவதற்கு முன்.

இவ்வளவும் பிள்ளை தெரிவு செய்கிறது என்ற நினைப்பில் எழுதியது. உண்மையில் பல ஊர்களில் தெரிவு செய்வது நேரசூசி. 1சி வகைப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. கலைப் பிரிவிலும் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம். புவியியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த வருடம் ஊரில் ஒரு பிள்ளைக்கும் புவியியல் “விருப்பமில்லை”. நேரசூசி போட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆண் பிள்ளை என்றால் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போவான். பெண் பிள்ளைக்கு “கிட்ட உள்ள பள்ளிக்கூடம் போதும்” என்ற முடிவு பாடத்தெரிவுப் படிவம் வருவதற்கு முன்பே வீட்டில் எடுக்கப்பட்டிருக்கும்.

இப்போது நான் எந்தப் பாடம் என்று முதலில் கேட்பதில்லை. கடந்தகால வினாத்தாள் இரண்டைக் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்கிறேன். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வாசிக்கும்போது அலுக்கிறதா, தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறதா என்று பிள்ளைக்கே தெரியும். முதல் மாதத்தில் பாடம் மாற்ற விடுகிறோம். வகுப்பில் முதலாம் ஆள் என்பதை வைத்து மயங்காமல், வலய, மாகாண மட்டத் தவணைப் பரீட்சைகளில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளில் எந்த வினாவில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று இருக்கிறது, அதையும் வாசிக்கிறோம். அடுத்த வருடம் ஒரு பாடத்தின் இடை என்ன வரும் என்று மட்டும் எவராலும் சொல்ல முடியாது. சொல்கிற ரியூசன் மாஸ்டர் இருந்தால் நம்பாதீர்கள்.

மூன்று ஏ எடுத்த அந்தப் பிள்ளை இரண்டாம் தரம் எழுத விரும்பவில்லை; கலைப் பீடத்துக்குப் போனாள். போன வருடம் அந்த வாப்பா மீண்டும் வந்தார், இளைய மகளோடு. பொருளியல், அளவையியல், புவியியல் என்று படிவத்தில் எழுதியிருந்தது. புவியியல் எங்களிடம் இல்லை. பக்கத்து ஊர்ப் பாடசாலையில் இருக்கிறது.

“டீச்சர், இதுல மார்க்ஸ் விழுமா?”

“அது எனக்குத் தெரியா காக்கா. வினாத்தாளை வாசிச்சுப் போட்டு புள்ள என்ன சொன்னா?”

அவர் மகளைப் பார்த்தார். அவள் பேசவில்லை, கையிலிருந்த வினாத்தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஓரமெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தது. வாப்பா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அங்கே போகிற பஸ் காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.