சொல்லின் விலையை யார் கொடுப்பது?

2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்த அதே வாரத்தில், நான் வாழும் பொன்னமராவதி முடங்கிப்போனது. ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்ஆப் வழியே பரவியது. பேசியவர்களைக் கைது செய்யக் கோரி மக்கள் காவல் நிலையத்தின் முன் திரண்டனர். கல்வீச்சு நடந்தது, கடைகள் அடைக்கப்பட்டன, பேருந்துகள் ஓடவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது.

பொருளியல் கற்பித்தவன் என்பதால், நான் வகுப்பில் நடத்திய ‘புறவிளைவு’ என்ற பாடம் அன்று நினைவுக்கு வந்தது. சாயப்பட்டறையின் லாபம் உரிமையாளருக்கு. கழிவுநீரின் கேடு ஆற்றோர விவசாயிக்கு. அந்த ஒலிப்பதிவுக்கும் அதே கணக்குதான். பேசியவருக்கும் சுமந்து சென்ற தளத்துக்கும் செலவு ஏதுமில்லை. விலை கொடுத்தவர்கள் இழிவுக்குள்ளான பெண்களும், அன்றாடம் பூ விற்றும் தேநீர் விற்றும் பிழைப்பவர்களும்தான். இந்த விலையை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருவேறு விடைகளைத் தருகின்றன.

பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவே கூடாது என்கிறது, 1791-இல் ஏற்கப்பட்ட அமெரிக்காவின் முதல் அரசமைப்புத் திருத்தம். கருத்துகள் சந்தையில் போட்டியிடட்டும், உண்மை வெல்லும் என்பது 1919-இல் நீதிபதி ஹோம்ஸ் தமது மாறுபட்ட தீர்ப்பில் முன்வைத்த வாதம். உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நிகழும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் வன்முறையை ஆதரிக்கும் பேச்சைத் தண்டிக்கலாம் என 1969-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரையறுத்தது. பயனர் எழுதுவதற்குத் தளம் பொறுப்பல்ல என்பதை 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு பெருமளவு உறுதிசெய்தது. அரசின் கை எட்டாத சுதந்திரம் அது. ஆனால், புறவிளைவின் சுமை பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விடப்படுகிறது.

நாஜிக் கொடுமையைக் கண்ட ஐரோப்பா வேறு வழியில் சென்றது. மக்களில் ஒரு பிரிவினருக்கு எதிராக வெறுப்பைத் தூண்டிப் பொது அமைதியைக் குலைக்கும் பேச்சு ஜெர்மனியில் குற்றம். வெளிப்படையாகவே சட்டவிரோதமான பதிவைப் புகார் வந்த 24 மணி நேரத்தில் பெருந்தளங்கள் நீக்க வேண்டும் என 2017-இல் அந்நாடு சட்டம் இயற்றியது. அபராதத்துக்கு அஞ்சி நியாயமான பதிவுகளையும் நீக்கிவிடுவார்கள் என்ற விமர்சனம் உடனே எழுந்தது. 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. சமூகத்துக்குத் தங்களால் விளையும் அபாயங்களைப் பெருந்தளங்களே ஆண்டுதோறும் மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும். பதிவை நீக்கினால் எழுதியவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம்.

நாம் எங்கே நிற்கிறோம்? ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை மாநில அரசு விதித்த தடையை 1950-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே நமது முதல் அரசமைப்புத் திருத்தம், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கையும் சேர்த்தது. அமெரிக்காவின் முதல் திருத்தம் உரிமையை அளித்தது. நம்முடையது உரிமைக்கு வரம்பு கட்டியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்சநீதிமன்றம் நீக்கியது ஆறுதல். ஆயினும், 69ஏ பிரிவின் கீழ் அரசு பிறப்பிக்கும் முடக்க ஆணைகளை ரகசியமாக வைக்க விதிகள் வகைசெய்கின்றன. ஐரோப்பியச் சட்டத்தின் கடுமையை எடுத்துக்கொண்டு, காரணம் சொல்லும் கடமையை விட்டுவிட்டால் எஞ்சுவது தணிக்கைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனிப்பட்ட குறுஞ்செய்தி உரையாடல்கள் ஐரோப்பியச் சட்டத்தின் பொது வரம்புக்குள் வருவதில்லை, வரவும் கூடாது. அப்படியானால், பொன்னமராவதியில் நடந்ததற்கு மருந்தே இல்லையா? குழந்தை கடத்தல் வதந்தியால் உயிர்கள் பறிபோன 2018-இல், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது நடைமுறையில் இருந்தபோதுதான் எங்கள் ஊர் முடங்கியது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு அந்த எண்ணிக்கை 2020-இல் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. யாருடைய கடிதத்தையும் பிரித்துப் படிக்காமலேயே வேகத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால், இது நிறுவனம் தானே எடுத்த முடிவு. நாளை தானே கைவிடவும் கூடும்.

எது சட்டவிரோதப் பேச்சு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். பரவலின் வேகத்துக்கும், அதனால் விளையும் அபாயத்துக்கும் தளங்களைச் சட்டம் பொறுப்பாக்கட்டும். எந்த நீக்கத்துக்கும் காரணம் எழுத்தில் தரப்படட்டும். கழிவைச் சுத்திகரிக்கும் செலவைச் சாயப்பட்டறையே ஏற்க வேண்டும் என்று சொல்கிற நாம், அதற்காகத் துணிக்குச் சாயமே போடக் கூடாது என்று சொல்வதில்லை. பேச்சுக்கும் அந்த நியாயமே போதும்.