பதினாறு வயசு, ஐம்பது சிசி

கள்ளக்குறிச்சி பக்கம் பிள்ளைகள் முதலில் ஓட்டிப் பழகுவது பெரும்பாலும் அப்பாவின் எக்ஸ்எல்-லில்தான். கச்சிராயப்பாளையத்துக்கு மேலே, கல்வராயன் மலை ஊர்களிலும் அதே கதைதான். கேட்டால், "பதினாறு ஆயிடுச்சுங்க, கியர் இல்லாத வண்டிதானே" என்பார்கள்.

பாதிதான் சரி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவு 16 வயதில் அனுமதிப்பது 50 சிசிக்கு மிகாத வண்டியை மட்டும். பழைய டிவிஎஸ் 50-க்குப் பொருந்தும். இப்போதைய எக்ஸ்எல் 100-இன் இன்ஜின் 99.7 சிசி! அதற்கு 18 ஆகணும்.

அந்த 50 சிசி எல்.எல்.ஆருக்கே பெற்றோர் எழுத்தில் சம்மதம் தரணும். அதன்பிறகு சட்டம் அவர்களைத் தேடி வருவது குற்றவாளியாகத்தான். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆர்.சி. 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டான்" என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் அவர்களே.

கலிஃபோர்னியாவில் 18-க்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து 50 மணி நேரம் ஓட்டிப் பழகணும். அதில் 10 மணி நேரம் இரவில். நம்ம விதியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்த முடிகிற இடத்தில் உட்காரணும், 'எல்' போர்டு மாட்டணும். எத்தனை மணி நேரம் என்ற பேச்சே இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை.

இன்னொன்று: 4-வது பிரிவு பேசுவது பொது இடத்தைப் பற்றி. அறுவடை முடிந்த சொந்த வயல் அதில் வராது. வயலிலிருந்து ஊருக்கு வரும் பாதை வரும். திரும்பும்போது அப்பாதான் ஓட்டணும்.