ஐந்து எந்தப் பக்கம் சாயும்?

மும்பை அணுசக்தி நகரில் அணுசக்தித் துறை ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கும் மத்தியப் பள்ளிகளில் சிபிஎஸ்இ பாடத்திட்டம். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் அங்கே இயற்பியலும் கணக்கும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 6.345ஐ இரண்டு தசம இடங்களுக்கு முழுமைப்படுத்தினால் என்ன வரும்? ஐந்து வந்தால் மேலே ஏற்று என்பது கீழ்வகுப்புக் கணக்கு, ஆக 6.35. என்சிஇஆர்டி இயற்பியல் நூலின்படி விடை 6.34.

இயற்பியல் நூலின் விதி இது: தள்ளப்படும் இலக்கம் சரியாக 5 என்றால், அதற்கு முன்னால் நிற்பது இரட்டைப்படையா என்று பார். இரட்டை என்றால் அப்படியே விடு, ஒற்றை என்றால் ஒன்று கூட்டு. அதனால் 6.335, 6.345 இரண்டுமே 6.34 ஆகிவிடும். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். காரணம் தெரிய நான்கு எண்கள் போதும்: 0.5, 1.5, 2.5, 3.5. கூட்டினால் 8. எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டுக் கூட்டினால் 1, 2, 3, 4, ஆக 10. இரட்டைப்படை விதிப்படி 0, 2, 2, 4, மறுபடியும் 8. நட்டநடுவில் நிற்கும் எண்ணை எப்போதும் ஒரே பக்கம் தள்ளினால், பிழையும் அந்தப் பக்கமே சேர்ந்துகொண்டு போகும்.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு கதை இருக்கிறது. வான்கூவர் பங்குச்சந்தை 1982 ஜனவரியில் 1000 புள்ளிகளில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசமத்துக்குப் பின்னால் இருந்ததைக் கணினி வெட்டி எறிந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை. 1983 நவம்பரில் குறியீடு 524இல் கிடந்தது. திருத்திப் பார்த்தால் அது 1098! இரண்டே ஆண்டில் பாதி மதிப்பைத் தின்றது, புள்ளிக்குப் பின்னால் நான்காவது இடம்.

விதியைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, எத்தனை இலக்கம் எழுத நமக்கு உரிமை இருக்கிறது என்பது. அணுசக்தி நகரை ஒட்டி, மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 2015இல் மும்பையில் சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடை நடத்திய மையம். அந்தப் போட்டியில் செய்முறைத் தேர்வு மட்டுமே ஐந்து மணி நேரம். அங்கேயும் சரி, பள்ளி ஆய்வகத்திலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். நீளம் 1.00 மீட்டர், 20 அலைவுகளுக்கு 40.1 விநாடி. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் கால்குலேட்டர் 9.8204408 என்று காட்டும். அத்தனையையும் அப்படியே ரெக்கார்டு நோட்டில் இறக்கிவைக்க எந்தக் கைக்கும் ஆசை வரும். ஆனால் நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி முன்பின்னாகும் என்று வைத்தால், நேரத்தில் அரை சதவீதப் பிழை. சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் விடையில் ஒரு சதவீதம், அதாவது ஏறத்தாழ 0.1. நீளத்தின் மூன்று முக்கிய எண்ணுருக்களை நம்பி 9.82 என்று எழுதலாம்தான், ஆனால் கடைசி 2 நிற்பது நம் விரலின் தயவில். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்திருந்தால் பிழை 20 சதவீதம். 8 என்றும் வந்திருக்கும், 12 என்றும் வந்திருக்கும். இருபது அலைவுகளை எண்ணச் சொல்லும் ஆசிரியர் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பாடமே வேறு மாதிரி இருக்கும்.

தேர்வில் மதிப்பெண் போகும் இன்னோர் இடம், நடுவழியில் முழுமைப்படுத்துவது. 1ஐ 9.37ஆல் வகுத்து 0.107 என்று சுருக்கிவிட்டு, அதைத் தலைகீழாக்கினால் 9.35 வரும். நடுவில் ஓர் இலக்கம் கூடுதலாக, 0.1067 என்று வைத்திருந்தால் 9.37 பத்திரமாகத் திரும்பும்.

அதே பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பைத்தான் படிக்கிறார்கள். அதில் 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் 2 என்று சொல்லும். பக்கத்து மேசையில் எக்செல் 3 என்று சொல்லும்.