'லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்'... அந்த ஒருவர் நம் ஊரிலும் இருக்கலாம்!

எளாவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கும் சோதனைச்சாவடிதான். சாலையை விட்டுக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, கரையோர மீனவ கிராமங்கள். இங்கே ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எளாவூரையும் ஏரிக்கரை கிராமங்கள் சிலவற்றையும் சேர்த்து 10,000 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருவருக்கோ, அதற்கும் குறைவாகவோ வருவதை அரிய நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவுக்கு வேறு கணக்கு. இந்தியாவோ எண்ணிக்கை எதுவும் சொல்லாமல், நோய்களின் பட்டியலை மட்டும் வைத்திருக்கிறது. ஆயிரத்தில் ஒருவர் என்றே எடுத்துக்கொண்டால், எந்த ஓர் அரிய நோய்க்கும் இங்கே சராசரியாக 10 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். பல நோய்களுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்.

ஆனால், இப்படிப்பட்ட நோய்கள் 6,000-க்கும் மேல்! எல்லாவற்றையும் கூட்டினால் உலக மக்கள்தொகையில் 3.5 முதல் 5.9 சதவீதம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. அந்த விகிதம் இங்கும் பொருந்தினால், குறைந்தபட்சம் 350 பேர். ஆளுக்கொரு நோய் என்பதால்தான் அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. குழந்தை நடக்கத் தாமதமானால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்ற சமாதானத்திலேயே சில வருடங்கள் ஓடிவிடும்.

இந்த நோய்களில் சுமார் 72 சதவீதம் மரபணு சார்ந்தவை. நம் மாநிலத்துக்கு இது கூடுதல் கவலை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 28 சதவீதப் பெண்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். தாய், தந்தை இருவருமே ஒரே மரபணுக் கோளாறின் ஒரு பிரதியைச் சுமந்திருக்கலாம். இருவருமே ஆரோக்கியமாக இருப்பார்கள். ஆனால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. மூத்தது நன்றாகப் பிறந்தது என்பது அடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை. முக்கியமாக, இதில் பாதி அப்பாவிடமிருந்து வருவது. மருமகளை மட்டும் குறை சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொந்தத்தில் கட்டாவிட்டாலும், ஒரே சமூகத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடந்தால் உலகத்துக்கு அரிய நோய் அங்கே சாதாரணமாகிவிடலாம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அதிகம் வாழும் வைசிய சமூகம் இதற்கு உதாரணம். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குக் குறைவாக இருக்கும். அன்றாட வாழ்க்கையில் தொந்தரவு இல்லை. மயக்க மருந்து நேரத்தில்தான் சிக்கல்; மூச்சு திரும்ப வெகுநேரம் ஆகும். மற்ற இடங்களைவிட இந்தக் குறைபாடு அவர்களிடம் சுமார் 100 மடங்கு அதிகம் என்று ஹைதராபாத் சி.சி.எம்.பி விஞ்ஞானி தங்கராஜ் உள்ளிட்டோரின் 2017 ஆய்வு குறிப்பிட்டது. முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுத்துவிடுவார். செலவே இல்லாத தீர்வு!

எல்லா நோய்க்கும் இப்படி எளிய வழி இல்லைதான். 95 சதவீத அரிய நோய்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தே கிடையாது. மத்திய அரசின் 2021 கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால், சில நோய்களுக்கு வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். குழந்தையின் எடை ஏற ஏற மருந்தின் அளவும் ஏறும். 50 லட்சம் எத்தனை வருடம் தாங்கும்?

மருந்தில்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். முதல் குழந்தையின் மரபணுக் கோளாறு எது என்று தெரிந்தால்தான், அடுத்த கர்ப்பத்தில் சுமார் 11-வது வாரத்திலேயே பரிசோதித்துப் பார்க்க முடியும்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் தேசிய குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் சந்தேகத்தைச் சொல்லலாம். நேரடியாகப் போவதென்றால், எளாவூர் ஸ்டேஷனில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை பக்கம்தான். பழைய ரிப்போர்ட்டுகளோடு, இரண்டு வீட்டிலும் சின்ன வயதில் இறந்த குழந்தைகளின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.