ஆயுதம் ஏந்தாத சிப்பாய்கள்

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 240 கிலோமீட்டர், சித்திரை வெயில்.

தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று எச்சரித்தார் தஞ்சை கலெக்டர் தார்ன். டெல்டாக்காரர்கள் அதற்கும் வழி கண்டார்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டிய கை எது என்று போலீசுக்கும் தெரியாது, பசியாறிய தொண்டருக்கும் தெரியாது. இந்தப் படையின் உணவுக் கிடங்கு அந்த மரங்கள்தான்.

ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். அடுத்தடுத்து மற்றவர்கள் குனிந்து அள்ளினார்கள். அடி விழுந்தது, திருப்பி அடிக்கவில்லை. அவர்களுக்கு இடம் தந்த சர்தார் வேதரத்தினமும் சிறை சென்றார். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்த உள்ளூர் நாவிதர் வைரப்பனுக்கு ஆறு மாதம் சிறை. அவர் நடைப்பயணத்தில் வந்தவரல்ல. ஆனாலும் இந்தப் படையின் ஆள்தான்.

சிறை சென்ற தியாகிகளுக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் 1972-ல்தான் வந்தது, சுதந்திரம் கிடைத்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. மிகத் தாமதம்.

வைரப்பனின் நினைவுத் தூண் வேதாரண்யத்தில்தான் இருக்கிறது. அங்கே சற்று நின்றுவிட்டுச் செல்லுங்கள்.