தோட்டப்பள்ளியும் அலைநீளமும்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில், செம்பனை நின்ற நிலங்களில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. அயல்நாட்டு நிறுவனங்களின் கணிப்பணிகள் அங்கே இரவும் பகலும் நடைபெறுகின்றன. அதே மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டங்களில் தோன்றியவை. அப்பள்ளிகளைக் கணினிவழிக் கல்வி அடைந்த வரலாற்றில் இயற்பியலுக்கும் பங்குண்டு.

2012-இல் மலேசியக் கல்வி அமைச்சு, நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் பிணைக்கும் ‘1பெஸ்தாரிநெட்’ திட்டத்தைத் தொடங்கியது. அப்பணியை ஏற்ற ஒய்டிஎல் நிறுவனத்தின் அலைவரிசை 2.3 கிகாஹெர்ட்சு, அலைநீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். இத்தகைய குற்றலைகள் நீர் செறிந்த இலைகளிற் பட்டுச் சிதறும்; உறிஞ்சவும்படும். 700 மெகாஹெர்ட்சு அலையோ 43 சென்டிமீட்டர் நீண்டது. தழைகளைக் கடந்து நெடுந்தொலைவு செல்ல வல்லது. கோபுரத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே செம்பனை அடர்ந்து நிற்கும் இடத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

எனினும் அத்திட்டம் தளர்ந்ததற்கான பழி முழுவதையும் இலையின்மேற் சுமத்தலாகாது. திட்டத்தோடு வந்த மெய்நிகர்க் கற்றல் தளத்தை மாணவர் மிகக் குறைவாகவே பயன்படுத்தினர் என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. நாடளாவிய அச்சோர்வுக்குச் செம்பனை எங்ஙனம் பொறுப்பாகும்? எத்தளம், எப்பாடத்துக்கு என்பதை ஆசிரியர் தேர்வுக்கு விடாமல் மேலிடமே முடிவு செய்ததுதான் பெருங்குறை என்பேன். 2019-இல் அத்திட்டம் முடிவுற்றது.

கோவிட்-19 பரவலால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கல்வி அமைச்சின் அக்கால ஆய்வின்படி 36.9 விழுக்காட்டு மாணவரிடம் கருவி எதுவுமே இல்லை; மடிக்கணினி இருந்தோர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். இல்லிருப்புக் கற்றலுக்குப் பல ஆசிரியர்கள் நாடியது புலனத்தை (வாட்ஸ்அப்). தொழில்நுட்ப நோக்கில் அது பொருத்தமான தெரிவே. ஒரு மணிநேர நேரலை வகுப்பு பல நூறு மெகாபைட்டுகளை விழுங்கும். ஒரு நிமிடக் குரற்பதிவோ சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். அன்றியும் குரற்பதிவு காத்திருக்கும்: வீட்டின் ஒரே திறன்பேசியைத் தந்தை வேலைக்குக் கொண்டு சென்றாலும், மாலையில் பிள்ளை பாடத்தைக் கேட்கலாம்.

2020 ஜூனில் வந்த ‘டெலிமா’ தளம், கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் கருவிகளை ஒரே வாயிலில் வைத்து, தெரிவை ஓரளவு ஆசிரியரிடம் விட்டது. 2023-இல் இலக்கவியல் கல்விக் கொள்கையும் வெளியாயிற்று. கொள்கைகளுக்குக் குறைவில்லை.

பள்ளி மேலாளர் வாரியத்தினரே, முன்னாள் மாணவர்களே! கையடக்கக் கருவிகளை வாங்கிப் படம் பிடித்துக்கொள்ளும் முன், வகுப்பறைதோறும் அலைவலுவை அளந்து பாருங்கள். எப்பாடத்துக்கு எது வேண்டுமென்று ஆசிரியரைக் கேளுங்கள். பழுது நீக்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள்.