விறகில் ஓடும் கார்: மெய்யும் கணக்கும்

2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கியூ.ஆர். அட்டை வந்த பிறகும் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்துதான் தந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில்தான் தேத்தண்ணிக் கடையிலும் கராஜ் வாசலிலும் இந்தக் கேள்வி எழும்: “காக்கா, விறகில கார் ஓடுமாமே, மெய்யா?”

மெய்தான், ஓடும். ஆனால் கேட்பவர்களில் இரண்டு சாரார் உண்டு. ஒரு சாரார் இதெல்லாம் கண்கட்டு வித்தை என்பார்கள். மற்றச் சாரார், எண்ணெய்க் கம்பனிகள் மறைத்து வைத்திருக்கும் இரகசியம் என்பார்கள். இரண்டும் பிழை. இது ஒரு காலத்தில் இலட்சக்கணக்கான வாகனங்களை ஓட்டிய, நூல்களில் விரிவாக எழுதப்பட்ட, யாரும் மறைக்காத தொழில்நுட்பம். அப்படியானால் உலகம் ஏன் இதைக் கைவிட்டது? அதற்கு விடை தேடினால், பெற்றோல் நமக்கு என்ன செய்து தருகிறது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

எரிவது விறகல்ல, வாயு

அடுப்பில் எரியும் கொள்ளியை உற்றுப் பாருங்கள். சுவாலையின் பெரும்பகுதி விறகில் ஒட்டி நிற்பதில்லை, சற்று மேலே நின்று எரியும். வெப்பத்தால் விறகிலிருந்து வெளிவரும் வாயுதான் அங்கே எரிகிறது. மெழுகுதிரியை ஊதி அணைத்ததும் எழும் புகையில் நெருப்பைக் காட்டினால் திரி மறுபடி பற்றிக்கொள்வதும் இதனால்தான். அந்த வாயுவை அடுப்பிலேயே எரிய விடாமல், குழாய் வழியே எஞ்சினுக்குள் கொண்டுபோய் எரிப்பதுதான் விறகு வாயு வண்டியின் முழுத் தத்துவமும்.

இதற்கு ஒரு மூடிய உலை தேவை. மேலே விறகுத் துண்டுகளைப் போட்டு மூடுவார்கள். நடுவில் சிறு துவாரங்கள் வழியாகக் கொஞ்சம் காற்று மட்டும் உள்ளே போகும். காற்றுப் படும் இடத்தில் விறகின் ஒரு பங்கு முற்றாக எரிந்து 1000 பாகைக்கு மேல் வெப்பம் உண்டாகும். அங்கே காபனீரொட்சைட்டும் நீராவியும் தோன்றுகின்றன. இவை இரண்டும் எரியாத வாயுக்கள். அவற்றை வெளியே விடாமல், கீழே தணலாகக் கிடக்கும் கரிப் படுக்கையினூடாக இழுக்கும்போதுதான் மாற்றம் நடக்கிறது. தணல் கரி, காபனீரொட்சைட்டிலிருந்து ஒட்சிசனில் ஒரு பங்கைப் பறித்து அதைக் காபனோரொட்சைட்டாக்கும். நீராவியிலிருந்து ஒட்சிசனைப் பறித்து ஐதரசனை விடுவிக்கும். காபனோரொட்சைட்டும் ஐதரசனும் நன்றாக எரியும் வாயுக்கள்.

இப்படிக் கிடைக்கும் வாயுவில் காபனோரொட்சைட்டு ஏறக்குறைய 20 வீதம், ஐதரசன் 15 முதல் 20 வீதம், மெதேன் 2, 3 வீதம் இருக்கும். ஏறத்தாழப் பாதி எதற்கும் உதவாத நைதரசன், காற்றோடு கூட வந்தது. மிச்சம் காபனீரொட்சைட்டு.

வாயுவை இழுப்பதற்குத் தனி இயந்திரம் வேண்டியதில்லை. ஓடுகின்ற எஞ்சின் மூச்சிழுக்கும்போது அந்த இழுவையே உலைக்குள் காற்றைக் கொண்டுவரும். தொடங்கும்போது மட்டும் ஒரு விசிறியால் இழுத்து, வெளிக்குழாயில் வாயு நின்று எரிகிறதா என்று கொளுத்திப் பார்த்து, பிறகு எஞ்சினுக்குத் திருப்புவார்கள். இதற்கே பத்து, இருபது நிமிடம் போய்விடும்.

தார் என்ற சத்துரு

விறகு சூடாகும்போது பிசுபிசுப்பான தார் ஆவியும் வெளிவரும். அது எஞ்சினுக்குள் போனால் வால்வுகளில் படிந்து இறுகும். இரவு நன்றாக ஓடிய எஞ்சின் காலையில் சுற்றவே சுற்றாது. மரத்திலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்று பிரான்சில் பிலிப் லெபோன் 1799இலேயே காப்புரிமை பெற்றிருந்தும், அதை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய நிலைக்குக் கொண்டுவர நூறு வருடத்துக்கு மேல் எடுத்ததற்கு இந்தத் தாரும் ஒரு காரணம்.

1920களில் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜ் இம்பேர் என்ற பொறியியலாளர் இதற்கு நல்லதொரு வழி கண்டார். வாயுவை மேலே போகவிடாமல் கீழ்நோக்கி இழுத்து, உலையின் ஒடுங்கிய கழுத்தில் உள்ள மிகச் சூடான தணலினூடாகச் செலுத்தினார். தார் ஆவி அந்தச் சூட்டில் சிதைந்து எரியும் வாயுவாகிவிடும். இன்று வீட்டுப் பின்வளவில் பழைய பீப்பாயை வெட்டி ஒட்டுகிறவர்கள் பலரும் இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆனால் விறகின் ஈரம் 20 வீதத்துக்கு மேலிருந்தால் உலை குளிர்ந்து தார் தப்பிவிடும். நமது ஊர் மழைக்கால விறகை அப்படியே போட்டால் எஞ்சின் பாழ்.

கரியில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் தார் முழுவதும் கரி சுடும்போதே போய்விட்டது. உலையும் எளிமையானது. அதனால்தான் வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பலர் கரியில் தொடங்குகிறார்கள். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கணக்கில் பார்ப்போம்.

ஒரு கண்டமே விறகில் ஓடிய காலம்

இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பாவுக்குப் பெற்றோல் வரத்து அற்றுப்போனது. இருந்ததை இராணுவம் எடுத்துக்கொண்டது. பொதுமக்களின் கார், பஸ், லொறி, உழவு இயந்திரம், மீன்பிடிப் படகு எல்லாவற்றின் முதுகிலும் உலை ஏறியது. யுத்த முடிவில் ஜேர்மனியில் மட்டும் ஏறக்குறைய 5 இலட்சம் வாகனங்கள் இப்படி ஓடின. யுத்தத்தில் கலந்துகொள்ளாத சுவீடனில் 70,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் விறகுக்கும் கரிக்கும் மாறின. பிரான்சியர் இதைக் ‘காஸொஜேன்’ என்றார்கள், சுவீடன்காரர் ‘ஜென்காஸ்’ என்றார்கள்.

தமிழ் கூறும் நிலமும் இதை அறியாததல்ல. அதே யுத்தகாலத்தில் தமிழ்நாட்டு வீதிகளில் ‘கரி பஸ்’ ஓடியது. பின்னால் கட்டிய உலையில் கரியைக் கொட்டி, கைப்பிடி விசிறியைச் சுற்றிச் சுற்றித் தணல் ஏற்றிய பிறகுதான் பயணம் தொடங்கும். நம் நாட்டில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது வேறு முறை. அங்கே எரிந்தது திரவம். ஆனால் இரண்டையும் பிறப்பித்தது ஒரே தட்டுப்பாடுதான்.

1945இல் யுத்தம் முடிந்து பெற்றோல் திரும்பி வந்ததும் அந்த உலைகள் மிக விரைவாகக் கழற்றி வீசப்பட்டன. யாரும் தடை செய்யவில்லை. ஓட்டியவர்களே வேண்டாமென்று விட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு லீற்றர் பெற்றோலின் வேலையைச் செய்ய ஏறக்குறைய 3 கிலோ காய்ந்த விறகு வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும் காருக்கு 24 கிலோ விறகு. 2022இல் கிடைத்த அந்த வார 20 லீற்றருக்கு ஈடாக 60 கிலோ. அதுவும் அப்படியே ஏற்றுகிற கொள்ளியல்ல, காயவைத்து, கைப்பிடியளவுத் துண்டுகளாக வெட்டியது.

சக்தியும் குறையும். பெற்றோலும் காற்றும் கலந்த கலவையோடு ஒப்பிட்டால், விறகு வாயுவும் காற்றும் கலந்த கலவையில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது. ஆகவே 100 குதிரைவலு எஞ்சின் 65 குதிரைவலுவுக்கு இறங்கிவிடும். சமதரையில் சமாளிக்கலாம். கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள்.

கரிக்கு என்ன கணக்கு? ஒரு லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ கரி போதும். கேட்க இலாபமாகத் தெரியும். ஆனால் மண் மூடிச் சுடும் பழைய முறையில் ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ விறகு அழியும். அப்படியானால் ஒரு லீற்றருக்கு 8, 9 கிலோ விறகு. நேரே விறகைப் போட்டு ஓட்டினால் வெட்டும் மரத்தைப் போல மூன்று மடங்கு. எஞ்சினுக்கு இலேசு, காட்டுக்குப் பாரம். “சிரட்டைக் கரி இருக்குதானே” என்பார்கள். அது வீணாகக் கிடக்கும் பொருளல்ல. தூண்டற் காபன் தயாரிப்புக்கு விலைபோகிற ஏற்றுமதிச் சரக்கு.

இதற்கு மேல் கூலியில்லாத வேலை: விறகு காயவைப்பது, வெட்டுவது, சாம்பல் அள்ளுவது, வடிகளைக் கழுவுவது, வழியில் நிறுத்தி விறகு போடுவது. கையெல்லாம் கரி. பெற்றோல் நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு இங்கே ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலமாவது போகும். பெற்றோல் தருவது வெறும் சக்தியல்ல, இத்தனை வேலையிலிருந்து விடுதலையும்தான். 1945இல் ஐரோப்பியர் திரும்பிப் பாராமல் உலையைக் கழற்றியதற்கு முதற் காரணம் இதுதான்.

உயிரைக் குடிக்கும் வாயு

இரண்டாவது காரணம் பாரதூரமானது. பின்லாந்தில் இந்த உலைக்கு மக்கள் வைத்த பட்டப்பெயரிலேயே காபனோரொட்சைட்டைக் குறிக்கும் சொல் இருக்கிறது. இந்த வண்டியை ஓட்டுகிற அதே வாயுதான் ஆளையும் கொல்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஒரு வீதத்தைச் சற்றுத் தாண்டினாலே சில நிமிடங்களில் மரணம். உலையிலிருந்து வரும் வாயுவில் இருப்பதோ 20 வீதம்.

ஆபத்து எந்த நேரத்தில் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது எஞ்சின் இழுத்துக்கொண்டிருப்பதால், சிறு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். தணல் மூட்டும்போதும், எஞ்சினை நிறுத்திய பிறகும் நிலைமை தலைகீழ். இழுவை இல்லை, ஆனால் உலை சூடாகவே இருக்கும், வாயு பிறந்துகொண்டே இருக்கும், அது வெளியேதான் வரும். வண்டியை மூடிய கராஜில் நிறுத்திவிட்டு, “சூடு ஆறட்டும்” என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பழுது பார்ப்பதுதான் மிகப் பெரிய பிழை. உள்ளே விறகு போட மூடியைத் திறக்கும்போதும் முகத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது.

தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வருவது போன்ற உணர்வு: இவைதான் தொடக்கம். பசி என்றும் வெயில் என்றும் நினைத்து விட்டுவிடுவார்கள். அப்படித் தோன்றினால் உடனே திறந்த வெளிக்கு வர வேண்டும். மயங்கியவரை வெளியே எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஒட்சிசன் கொடுக்க வேண்டியிருக்கும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்போ ஜெனரேற்றரோ வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நமக்கு எங்கே பயன்?

அப்படியானால் இந்த அறிவை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? இல்லை. மேலே சொன்ன குறைகளில் பல வண்டியில் ஏற்றியதால் வந்தவை. உலை சிறியதாக இருக்க வேண்டும், பாரம் குறைய வேண்டும், ஏற்றத்தில் ஒரு வேகம் பள்ளத்தில் ஒரு வேகம். ஓரிடத்தில் நிலையாக நின்று ஒரே வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு. பெரிய உலையும் பெரிய வடியும் வைக்கலாம். திறந்த கொட்டகையில் வைக்கலாம், மூச்சுக்கு ஆபத்தும் குறையும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாததால் பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் வேண்டும். ஆனாலும் டீசலில் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டு கிளிசரியா, அதாவது வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவை, தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது இந்த நோக்கில்தான். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம் அது. கிளையை வெட்டினால் போதும், மரம் சாகாது. இந்தியாவின் பீகாரில் ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் 2007 முதல் நெல் உமியை வாயுவாக்கிக் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளின் பின்புறத்தில் குவியும் உமியைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். உமிக்கு இம்பேர் உலை சரிவராது. அதன் சாம்பல் மிக அதிகம், உருவமும் சிறியது, அதற்கென்று வேறு அமைப்பு உலை வேண்டும்.

ஆகவே ஆர்வமுள்ள இளைஞர்கள் காரில் தொடங்க வேண்டாம். திறந்த வளவில் நிறுத்திய ஒரு பழைய காபரேற்றர் எஞ்சினில் தொடங்குங்கள், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு, முடியுமானால் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு. எத்தனை கிலோ விறகு போனது, எத்தனை மணித்தியாலம் ஓடியது, உங்கள் நேரம் எவ்வளவு போனது என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இன்னொரு வரிசைக் காலம் வந்தால் ஊருக்கு உதவப்போவது அந்தக் கொப்பிதான்.